வேல்ஸ் கிராமங்களில் இரண்டாவது வீட்டுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். சீட் காலியாகத்தான் கிடக்கும், ஆனால் உட்கார முடியாது, கேட்டால் "ஆள் வருது" என்பார்கள். ஒன்றிரண்டு துண்டு என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 40 சீட்டில் 16 சீட்டில் துண்டு கிடக்கிறது, துண்டு போட்டவர்கள் நடுவில் ஏறி இரண்டு நிறுத்தம் மட்டும் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறார்கள், தினமும் கடைசி நிறுத்தம் வரை போகிறவர்கள் நின்றுகொண்டே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். அவரைப் பார்த்து "உனக்கு அடுத்தவன் உட்கார்ந்தால் பொறுக்காதா" என்று கேட்டால் அது நியாயமான கேள்வியா?

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் வடமேற்குக் கரையோரக் கிராமங்களில் பல வருடங்களாக நடப்பது ஏறக்குறைய இதுதான். அங்கே "இரண்டாவது வீடு" என்ற சொல்லே கோபத்தைக் கிளப்பும். வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதைச் சட்டென்று இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு மூடிவிடுகிறார்கள்: ஒன்று, ஆங்கிலேயர்கள் மேல் வெறுப்பு, இல்லையென்றால், பணக்காரர்கள் மேல் பொறாமை. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். விஷயம் ஒரு மொழி எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைப் பற்றியது. மெதுவாகவே போவோம்.

முதலில் ஊரும் மொழியும்

வேல்ஸில் சுமார் 31 லட்சம் பேர் இருக்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களில் சுமார் 5,38,000 பேர், அதாவது 17.8%, அந்த மண்ணின் மொழியான வெல்ஷ் பேசத் தெரியும் என்று பதிந்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால், 1911-இல், அது 43.5%. இங்கிலாந்து பக்கத்திலேயே இருக்கிறது, ஆங்கிலம் ஆட்சிமொழி, வேலைமொழி, பள்ளிமொழி. அப்படியும் ஒரு மொழி இத்தனை நாள் தாக்குப்பிடித்து நின்றதே பெரிய விஷயம்.

ஆனால் 17.8% என்ற சராசரி நம்மை ஏமாற்றும். தலைநகர் கார்டிஃபில் பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வெல்ஷ் தெரியும். வடமேற்கில் உள்ள குவினெத் மாவட்டத்திலோ அது 64.4%. அதற்குள்ளும் லீன் தீபகற்பத்தின் சில ஊர்களுக்குப் போனால் இன்னும் அதிகம். அங்கே வெல்ஷ் என்பது பள்ளியில் படித்து மறக்கும் பாடம் கிடையாது. ரொட்டிக் கடையிலும், கால்பந்து மைதான ஓரத்திலும், ஆட்டுச் சந்தையிலும், துக்க வீட்டிலும் அதுதான் வாயில் வரும்.

இப்படி ஓர் ஊரில் யாரும் யோசிக்காமலே புழங்குகிற மொழியைச் சமூக மொழி என்று சொல்லலாம். மொழி தெரிந்தவர்கள் இருப்பது ஒன்று, மொழி சமூக மொழியாக இருப்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

மூன்று வகை வீடுகள்

பேச்சில் எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறார்கள், அதனால் இதையும் தெளிவாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வருடம் முழுக்கக் குடியிருப்பது முதன்மை வீடு. வேறு ஊரில் முதன்மை வீடு வைத்துக்கொண்டு, விடுமுறைக்கும் வாரக்கடைசிக்கும் வந்து தங்குவதற்காக வாங்கிப் போடுவது இரண்டாவது வீடு. வெல்ஷில் இதை டீ ஹாவ் என்பார்கள், கோடை வீடு என்று பொருள். உரிமையாளர் தங்காமல், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு விடுவது விடுமுறை வாடகை வீடு. இதன் வாசலில் பெரும்பாலும் எண் பூட்டுப் போட்ட ஒரு சின்னச் சாவிப் பெட்டி தொங்கும். அதைப் பார்த்தாலே உள்ளே குடும்பம் இல்லை என்று தெரிந்துவிடும்.

குவினெத்தில் மொத்த வீடுகளில் 10%க்கு மேல் பின்னால் சொன்ன இந்த இரண்டு வகைதான். சராசரி இங்கேயும் ஏமாற்றுகிறது. அபெர்சோக் என்ற கடற்கரைக் கிராமம் அடங்கிய லானெங்கன் பகுதியில் ஐந்தில் இரண்டு வீடு அப்படி. மேலே 40-க்கு 16 என்று சொன்னேனே, அந்தக் கணக்கை இங்கிருந்துதான் எடுத்தேன்.

இதுவரை பார்த்தது: வெல்ஷ் சில பகுதிகளில் மட்டும் சமூக மொழியாக இருக்கிறது, அதே பகுதிகளின் கடற்கரை ஊர்களில்தான் ஆள் குடியிருக்காத வீடுகளும் குவிந்திருக்கின்றன. இந்த இரண்டும் எப்படி மோதுகின்றன என்பதுதான் அடுத்தது.

ஐந்து பேர் உட்காரும் மேசை

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர் உட்கார்கிறார்கள். நான்கு பேருக்கு ஒரே தாய்மொழி, ஐந்தாமவருக்கு அது தெரியாது. பேச்சு எந்த மொழியில் நடக்கும்? ஐந்து பேருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழியில்தான். யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம், சாதாரண மரியாதையே அப்படிச் செய்ய வைக்கும். நான்கு பேர் ஒருவருக்காக மாறுவார்களே தவிர, ஒருவர் நான்கு பேருக்காக அன்றைக்கே மொழி கற்றுக்கொண்டு வர முடியாது.

வேல்ஸில் இது இன்னும் கறாராக வேலை செய்கிறது, ஏனென்றால் வெல்ஷ் பேசும் பெரியவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்த நிமிடமே மேசை முழுக்க ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஊரில் 90% பேருக்கு வெல்ஷ் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஐந்து பேர் தற்செயலாக ஒரு மேசையில் சேர்ந்தால், ஐந்து பேருக்குமே வெல்ஷ் தெரிந்திருப்பதற்கான வாய்ப்பு 59%. ஊரில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 70% ஆகக் குறைந்தால்? அந்த வாய்ப்பு 17%. பாதிப் பேருக்குத்தான் தெரியும் என்றால் வெறும் 3%. நிஜத்தில் மனிதர்கள் இப்படித் தாயக்கட்டை உருட்டியது போலச் சேர்வதில்லை, சொந்தமும் நட்பும் சேர்ந்துதான் உட்காரும், அதனால் எண்கள் இவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனால் போக்கு இதுதான். 90 என்பது 70 ஆனது பார்வைக்குச் சின்னச் சரிவு, ஆனால் அந்த மொழியில் நடக்கும் பொதுப்பேச்சு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

வேல்ஸில் மொழிக்காரர்கள் 70% என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான். அதற்கு மேல் இருக்கும் ஊரில் முன்பின் தெரியாதவரிடம்கூட வெல்ஷிலேயே பேச்சை ஆரம்பிக்கலாம். அதற்குக் கீழே போகப் போக, முதலில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை விட்டுப் பார்ப்பதே பழக்கமாகிவிடும். பத்து வயதுப் பிள்ளை அந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டே வளரும்.

சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ளும் இழப்பு

இங்கே பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள், நல்ல கேள்விதான். இரண்டாவது வீட்டுக்காரர் வருடத்தில் சில வாரம் வந்து போகிறவர், அவர் எப்படி அந்த ஊரின் மொழிச் சதவீதத்தைக் குறைப்பார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர் தன் முதன்மை வீட்டில்தானே எண்ணப்படுகிறார்?

உண்மைதான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் பல ஊர்களில் நிலைமை சுகமாகத் தெரிவதும் இதனால்தான். 100 வீடுள்ள கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு மூன்று பேர், 300 பேரில் 270 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். அதாவது 90%. முப்பது வருடத்தில் 40 வீடு கைமாறிப் பூட்டிக் கிடக்கிறது. மீதி 60 வீட்டில் 180 பேர், அவர்களில் 162 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். இப்போதும் 90%தான்! தாளில் மொழிக்கு ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் 108 பேச்சாளர்களைக் காணோம். பள்ளிக்கூடம் நடக்க இத்தனை பிள்ளைகள், கடை நடக்க இத்தனை வாடிக்கையாளர், கால்பந்து அணிக்குப் பதினோரு பேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைக்கணக்கு வேண்டும். சதவீதத்தை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

அப்புறம் இன்னொன்று. கோடை வீடு வாங்கியவர் பணி ஓய்வுக்குப் பிறகு அங்கேயே குடிவருவது சகஜம். அந்த வயதில் புது மொழி கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வணக்கம் வைக்க வேண்டும், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. அதுவரை தலைக்கணக்கைத் தின்ற வீடு, அன்றிலிருந்து சதவீதத்தையும் தின்னத் தொடங்கும்.

அபெர்சோக் பள்ளி

அபெர்சோக் அழகான ஊர். நீண்ட மணல் கடற்கரை, பாய்மரப் படகுகள், கோடையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கடற்கரையில் வரிசையாக நிற்கும் மரக் குடில்கள், துணி மாற்றவும் டீ போட்டுக் குடிக்கவும் வைத்திருக்கும் சின்ன அறைகள், இராத்தங்கலுக்குக்கூட ஆகாதவை, ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனதாகச் செய்திகள் வந்தன. அந்த ஊரிலோ பக்கத்திலோ ஹோட்டல் வேலை, பண்ணை வேலை, முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறவர் பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் சேர்க்க முடியாத பணம் அது.

அதே ஊரின் ஆரம்பப் பள்ளி 1924-இல் திறந்தது. கடைசி வருடங்களில் பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதே பாடாக இருந்தது. 2021 டிசம்பரில் குவினெத் கவுன்சில் அதை மூடியது, பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சார்ன் பாக் பள்ளிக்குப் போனார்கள். செலவுக் கணக்குப் போட்டால் கவுன்சில் செய்தது புரியும். ஆனால் பள்ளி மூடிய ஊருக்குப் பிள்ளைக்குட்டிக்காரர்கள் குடிவரத் தயங்குவார்கள். அவர்கள் வராத வீடு விடுமுறைக்காரருக்குப் போகும். வீடு இல்லாததால் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லாததால் பள்ளி இல்லை, பள்ளி இல்லாததால் குடிவர ஆள் இல்லை. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும்.

ஜூலையில் இந்த ஊரைப் பார்க்கிறவருக்கு என்ன குறை என்று தோன்றும். ஜனவரியில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நேரத்தில் இப்படிப்பட்ட ஒரு தெருவில் நடந்து, எந்தெந்த ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணினால்தான் தெரியும்.

இதுவரை பார்த்தது: பூட்டிய வீடு மொழியை நேரடியாகத் தாக்குவதில்லை. அது ஒரு குடும்பத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. குடும்பங்கள் போனால் பள்ளியும் கடையும் போகும், அவை போனால் மொழி புழங்குகிற இடமே போய்விடும்.

விற்றதே உள்ளூர்க்காரர்கள்தானே?

இது அடிக்கடி எறியப்படும் கேள்வி. ஆமாம், பெரும்பாலும் அவர்கள்தான் விற்றார்கள். எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள்.

லீன் தீபகற்பத்தில் இருக்கும் நெவினில் ஒரு பாட்டி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள்: ஒருவர் கார்டிஃபில், ஒருவர் லிவர்பூலில், ஒருவர் அதே ஊரில் வாடகை வீட்டில். வீடு மூன்று பங்கு. உள்ளூரில் இருப்பவரால் மற்ற இரண்டு பேரின் பங்கை வாங்கப் பணம் புரட்ட முடியாது, ஏனென்றால் அந்த வீட்டின் விலையை நிர்ணயிப்பது நெவின் சம்பளம் கிடையாது, இங்கிலாந்தின் மான்செஸ்டர், செஷயர் சம்பளம். ஏலத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு அது தலைக்கு மேல் கூரை, இன்னொருவருக்கு கோடைக்கு ஒரு வசதி. ஆனால் ஏலம் கேட்பது பணம் எவ்வளவு என்பதை மட்டும்தான். கவுன்சிலின் சொந்த மதிப்பீட்டின்படியே குவினெத்தில் பாதிக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்களால் அங்கே வீடு வாங்க முடியாது.

மூன்று பிள்ளைகளும் தப்பு செய்யவில்லை. அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இப்படித் தனித்தனியாகச் சரியான முடிவுகள் ஐம்பது சேர்ந்து யாருமே விரும்பாத ஊரை உருவாக்கிவிடுகின்றன. அதனால்தான் போராடுகிறவர்கள் விற்றவரையும் வாங்கியவரையும் திட்டுவதை விட்டுவிட்டு, சட்டத்தை மாற்று என்று அரசாங்கத்தைக் கேட்கிறார்கள்.

நெவின் பகுதியில் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ஹவ்ல் இ வ்யூ அத்ரா. சொந்த ஊரில் வாழும் உரிமை என்று அதைச் சொல்லலாம். 2020-இல் நெவின் நகர கவுன்சிலர்கள் சுமார் 20 மைல் நடந்து, குவினெத் கவுன்சில் இருக்கும் கயர்நார்வனுக்குப் போய் இந்தக் கோரிக்கையை வைத்தார்கள். 1962-இல் தொடங்கிய வெல்ஷ் மொழிச் சங்கம் இதற்கெல்லாம் முன்பிருந்தே "வேல்ஸ் விற்பனைக்கு இல்லை" என்ற முழக்கத்தோடு களத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் அந்தச் சங்கம் கூட்டம் போட்ட இடம் ட்ரவெரின் அணை. லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1965-இல் காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை முழுக்க மூழ்கடித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. அதற்கான சட்டத்தை வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, அப்படியும் நிறைவேறியது. வீட்டுப் பிரச்சினைக்கு அந்த அணைக்கரையைத் தேர்ந்தெடுத்த காரணத்தை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வெறுப்பா?

கசப்பான ஒரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. 1979 டிசம்பரில் தொடங்கி 1990களின் முதல் வருடங்கள் வரை, மெய்பியோன் க்ளின்டூர் என்ற ரகசியக் குழு இருநூறுக்கு அருகில் விடுமுறை வீடுகளைக் கொளுத்தியது. இன்றைக்கும் "வேல்ஸ், இரண்டாவது வீடு" என்றாலே வெளியாட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தீ. அது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டை எரித்ததால் ஒரு குடும்பத்துக்கும் வீடு கிடைக்கவில்லை. ஆனால் இன்று வரி, திட்டமிடல், வாடகைச் சட்டம் என்று மனுப் போடுகிறவர்களை அந்தத் தீயோடு முடிச்சுப் போடுவதும் தவறுதான்.

வெறுப்பு இல்லை என்பதற்கு அங்கேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. குவினெத்தில் 1980களிலிருந்து மொழி மையங்கள் நடக்கின்றன. வெளியூரிலிருந்து குடிவந்த குடும்பத்தின் பிள்ளையைச் சில வாரங்கள் இந்த மையத்துக்கு அனுப்பி, முழுக்க முழுக்க வெல்ஷிலேயே ஆடவும் பாடவும் பேசவும் வைத்து, அப்புறம் ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள். இதை மூழ்கல் முறை என்பார்கள்: பிள்ளையை மொழிக்குள் இறக்கிவிட்டு, நீந்தக் கற்றுக்கொடுப்பது. பர்மிங்ஹாமிலிருந்து வந்த குழந்தை சில மாதங்களில் விளையாட்டு மைதானத்தில் வெல்ஷில் சண்டை போடும். அந்தக் குழந்தையால் மொழிக்கு லாபம்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. குடிவருகிறவரை ஊர் தன்னோடு சேர்த்துக்கொள்ள முடியும், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வாரக்கடைசிக்கு வருகிறவரின் பிள்ளை வேறு ஊர்ப் பள்ளியில் படிக்கிறது, அதை எந்த மையமும் சேர்த்துக்கொள்ள முடியாது. பிறந்த ஊரை வைத்து யாரையும் பிரிக்கவில்லை, குடியிருக்கிறாரா இல்லையா என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். கார்டிஃபில் வேலை பார்க்கும் வெல்ஷ்காரர் லீனில் ஒரு கோடை வீடு வாங்கிப் பூட்டிவைத்தாலும் இழப்பு அதேதான்.

சுற்றுலாவையும் இதோடு குழப்ப வேண்டாம். ஹோட்டலிலோ கூடாரம் போடும் மைதானத்திலோ ஒரு வாரம் தங்கிப் போகிறவர் ஊரின் ஒரு வீட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அரசாங்கம் என்னதான் செய்தது?

மூன்று வழி. முதலாவது வரி. பிரிட்டனில் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடாவருடம் உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டுவது கவுன்சில் வரி. 2017-இலிருந்து வேல்ஸ் கவுன்சில்கள் இரண்டாவது வீட்டுக்கு இதன்மேல் கூடுதல் தொகை வாங்கலாம், 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் கூடுதல் 300% வரை போகலாம். குவினெத் 150% வைத்தது. இதை ஒன்றரை மடங்கு என்று பலரும் நினைக்கிறார்கள், இல்லை: சாதாரண வரி 2,000 பவுண்டு என்றால் அதோடு இன்னும் 3,000, ஆக 5,000. அதாவது இரண்டரை மடங்கு. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி உள்ளூர் ஆட்களுக்கு வீடு ஏற்பாடு செய்யும் திட்டத்துக்குப் போகிறது.

வரி கூடியதும் சிலர் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறேன், இது தொழில் என்று பதிந்துகொண்டால் கவுன்சில் வரி கிடையாது, தொழில் வரி வரும். சின்னத் தொழிலுக்குச் சலுகை இருப்பதால் அதுவும் பல நேரம் பூஜ்யம். முன்பு வருடத்தில் 70 நாள் வாடகைக்கு விட்டால் தொழில் என்று ஆகிவிடும். 2023-இல் அதை 182 நாளாக்கினார்கள். சந்து அடைபட்டது, ஆனால் அடி தப்பான முதுகிலும் விழுந்தது. தன் பண்ணையில் பழைய மாட்டுக் கொட்டகையை இடித்துக் கட்டி நாலு காசு பார்க்கும் உள்ளூர் விவசாயிக்கு, கோடை மட்டுமே கூட்டம் வரும் ஊரில் 182 நாள் ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? விதி போட்டவர்கள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, வாங்கும்போதே கூடுதல் வரி. ஏற்கெனவே வீடு இருப்பவர் இன்னொன்று வாங்கினால் நில மாற்ற வரியில் அதிக விகிதம். இதிலிருந்து ஒரு புள்ளிவிவரம் கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது: குவினெத்தில் ஒரு வருடம் விற்ற வீடுகளில் ஏறக்குறைய 40% இரண்டாவது வீடாகப் போய்விட்டது என்று. கவனமாகப் படிக்க வேண்டிய எண் இது. அதிக விகிதம் கட்டுவோரில், வீட்டை வாங்கி உள்ளூர்க் குடும்பத்துக்கே மாத வாடகைக்கு விடுகிறவரும் அடக்கம். எதிர்ப்பு நியாயமானது என்பதற்காக எண்ணை ஊதிப் பெரிதாக்கக் கூடாது, பிடிபட்டால் நியாயமும் சேர்ந்து அடிபடும்.

மூன்றாவதுதான் ஆழமானது. 2022 அக்டோபரில் வேல்ஸின் திட்டமிடல் சட்டம் முதன்மை வீடு, இரண்டாவது வீடு, விடுமுறை வாடகை வீடு மூன்றையும் தனித்தனிப் பயன்பாட்டு வகைகளாகப் பிரித்தது. பயன்பாட்டு வகை என்றால், ஒரு கட்டடம் எதற்காகப் பயன்படுகிறது என்று சட்டம் ஒட்டும் சீட்டு. கடை, பள்ளி, வீடு என்பது போல. அதுவரை குடும்பம் வாழ்ந்த வீடு கோடை வீடாக மாறினால் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே மாறவில்லை. சீட்டு தனித்தனியாக ஆனதும், கவுன்சில்கள் விரும்பினால் "இந்த மாற்றத்துக்கு எங்களிடம் அனுமதி வாங்கு" என்று சொல்ல வழி பிறந்தது. குவினெத் 2024 செப்டம்பர் 1 முதல் அப்படி ஒரு உத்தரவைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே கோடை வீடாக இருந்தவற்றை அது தொடவில்லை, அதற்குப் பிறகு மாற்றுவதற்குத்தான் அனுமதி கேட்டது.

இதை எதிர்த்ததும் உள்ளூர்க் குரல்கள்தான், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் சொல்வதிலும் ஒரு வலி இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பு முழுக்க ஒரு வீடாக நிற்கும்போது, வாங்குகிறவர் கூட்டத்தைச் சட்டம் பாதியாக்கினால் விலை இறங்கும். விலை இறங்க வேண்டும் என்பதுதான் திட்டமே, ஆனால் அந்த இறக்கம் முதலில் யார் பையில் விழுகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பிறகும் நான் கவுன்சில் பக்கம்தான். ஆனால் எதிர்ப்பவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

எல்லாப் பழியும் இதன் மேலா?

இல்லை. மொழிச் சதவீதம் 2011-இலிருந்து 2021-க்குள் அதிகம் சரிந்த மாவட்டம் கார்மார்தன்ஷயர், 43.9-இலிருந்து 39.9 ஆனது. குவினெத் அளவுக்கு அங்கே கோடை வீடுகள் இல்லை. பழைய சுரங்க ஊர்களில் வேலை போனது, வீட்டில் பிள்ளைகளிடம் பெற்றோர் மொழியைக் கைமாற்றாமல் விட்டது, படித்த இளைஞர்கள் வெளியேறியது என்று வேறு காரணங்கள் அங்கே நிறைய. லீனிலும் ஒருவருக்கு வீடு கொடுத்துவிட்டு வேலை கொடுக்காவிட்டால் அவர் கார்டிஃபுக்கோ மான்செஸ்டருக்கோ போகத்தான் செய்வார். கோடை வீடுகளை முழுக்க ஒழித்தாலும் மொழி தானாகப் பிழைத்துவிடாது. ஆனால் குடியிருக்க வீடே இல்லையென்றால் மற்ற எந்த முயற்சியும் பலிக்காது.

வேல்ஸ் அரசு 2050-க்குள் பத்து லட்சம் பேச்சாளர்கள் என்று இலக்கு வைத்திருக்கிறது. கார்டிஃபில் வெல்ஷ்வழிப் பள்ளிகளால் எண்ணிக்கை உண்மையிலேயே கூடியிருக்கிறது, மகிழ்ச்சியான செய்தி. ஆனால் வகுப்பில் வெல்ஷ் பேசி வாசலைத் தாண்டியதும் ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளைகள் ஆயிரம் பேர் கூடினாலும், ரொட்டிக் கடையில் யோசிக்காமல் வெல்ஷ் பேசும் ஊர் ஒன்று போனால் அதை ஈடுகட்ட முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. கற்றுக்கொள்கிறவர் போய்ப் பேசிப் பார்க்க ஓர் ஊர் வேண்டும் அல்லவா.

இரண்டு வரிசை வீடுகள்

லித்வைன் என்ற சின்ன ஊருக்குக் கீழே, செங்குத்தான இறக்கத்தின் அடியில், கடலைப் பார்த்தபடி நான்ட் குர்தெயர்ன் இருக்கிறது. ஒரு காலத்தில் கல் குவாரித் தொழிலாளர்கள் வாழ்ந்த கிராமம். குவாரி மூடியது, குடும்பங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போய்விட்டன, கூரைகள் இடிந்து விழுந்தன. பக்கத்து லானைல்ஹையார்னில் மருத்துவராக இருந்த கார்ல் க்ளோவ்ஸ் என்பவர் முன்நின்று, 1974-இல் தன் ஊரில் மக்கள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கியிருந்தார், மூடப்படவிருந்த தன் பள்ளியைக் காப்பாற்றிய ஊர் அது. அவரும் கூட வந்தவர்களும் ஓர் அறக்கட்டளை வைத்து 1978-இல் இந்தப் பாழடைந்த கிராமத்தை 25,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். கூரை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் இழுத்து, வெல்ஷ் கற்றுக்கொடுக்கும் மையமாக்கினார்கள். மேலே லித்வைனில் இருந்த மதுக்கடையையும் 1988-இல் ஊர்க்காரர்களே சேர்ந்து வாங்கினார்கள், இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

கோடை வீடுகள் வந்த பல இடங்களில் பழைய வெல்ஷ் வீட்டுப் பெயர்களை எடுத்துவிட்டு, கடல் பார்வை, கடற்கரைக் குடில் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர்ப்பலகை மாட்டுவது பெரிய மனக்கசப்பு. நான்ட் குர்தெயர்னில் குவாரிக்காரர்களின் வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. மொழி கற்க வருகிறவர்கள் சில நாள் தங்கி, காலையில் வகுப்புக்குப் போய், மாலையில் மேலே ஏறி அந்த மதுக்கடையில் நாக்கைப் பழக்கிவிட்டு வந்து தூங்குவது அந்த வீடுகளில்தான். ஒரு வரிசைக்குப் பெயர் ட்ரெம் அ மோர். இன்னொன்றுக்கு ட்ரெம் அ மனித். கடல் பார்வை, மலைப் பார்வை.